வாட்டர் சர்வீஸ் ஆட்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி: ரூ. 6,500 கொடுக்கலாமா?

திருப்பூர் பல்லடம் சாலையில் வாட்டர் சர்வீஸ் நடத்துகிறேன். கார், டெம்போ கழுவுவதோடு பனியன் கம்பெனிகளின் தரை, சுவர், மொட்டை மாடிகளையும் பிரஷர் மெஷினால் கழுவிக் கொடுக்கிறோம். ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர் தணிக்கை வரும்போது, உள்ளே வந்து வேலை செய்யும் ஒப்பந்தக்காரர்களின் காகிதங்களையும் பார்ப்பார்கள். ஆட்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்த சான்று இருந்தால்தான் அடுத்த ஆர்டர் என்று ஒரு கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அதனால் கோவையிலிருந்து ஒரு பயிற்சி நிறுவனத்தை வரவழைத்தேன். அரை நாள் பயிற்சி, கடைச் சோதனை, ஆவணக் கோப்பு எல்லாம் சேர்த்து ரூ. 6,500.

வந்தவர் நேராக மெயின் போர்டுக்குத்தான் போனார். கட்டடத்தோடு வந்த போர்டு அது. அதிலிருந்த ஆர்.சி.சி.பி.யின் (மின்சாரம் கசிந்தால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் கருவி) முகப்பில் 300 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டிருந்ததைக் காட்டி, "இது தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும், ஷாக் அடித்தால் ஆளைக் காப்பாற்றாது. உங்களுக்கு 30 வேண்டும்" என்றார். அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றினோம். பிறகு ஒவ்வொருவரையும் டெஸ்ட் பொத்தானை அழுத்தச் சொன்னார். அந்தப் பொத்தான் கருவி வேலை செய்கிறதா என்பதை மட்டுமே சொல்லும், எர்த் சரியாக இருக்கிறதா என்று சொல்லாது என்று விளக்கி, எர்த்தைத் தனியாக மீட்டர் வைத்துப் பார்த்தார். நாள் முழுக்க ஈரத்தில் நிற்கிற தொழிலில் இந்த ஒரு மணி நேரத்துக்கே பாதிப் பணம் தகும்.

மீதிப் பணம் கோழிக்காலுக்குத் தகும். தோல் உரிக்காத கோழிக்கால் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதை ராம்ப்பில் கட்டி, சிவப்பு நாசிலை மாட்டி, கிட்டத்தில் ஒரு நொடி அடிக்கச் சொன்னார். சிவப்பு என்றால் தண்ணீர் விரியாமல் ஒரே கோடாகப் பாயும் நாசில். தோலில் ஊசி குத்தியது போல ஒரு துளை, அவ்வளவுதான். பிளேடால் கீறிக் காட்டினார். உள்ளே சதை எலும்பை விட்டுப் பிரிந்து தண்ணீர் கோத்திருந்தது. எங்கள் மெஷினின் தண்ணீர் அழுத்தம் 150 பார். தோலைத் துளைக்க 7 பார் போதும் என்றார். இப்படிப்பட்ட காயத்தில் ரத்தம் அதிகம் வராது, வலியும் முதலில் பெரிதாகத் தெரியாது, ஆனால் அறுவை சிகிச்சைக்கு மணிக்கணக்கில் தாமதித்தால் விரலையே எடுக்க நேரலாம். மருத்துவமனையில் "சின்னக் காயம்" என்று சொல்லாமல், "பிரஷர் மெஷின் தண்ணீர் உள்ளே போய்விட்டது" என்று சொல்லும்படி ஆட்களுக்குப் பழக்கினார். என்னிடம் வேலை செய்பவர்களில் இருவர் ஒடிசாக்காரர்கள். அந்தக் கோழிக்கால் அவர்களுக்கும் மொழிபெயர்ப்பு தேவையில்லாமல் புரிந்தது.

பெட்ரோல் மெஷினை மூடிய கொட்டகைக்குள் ஓட்டக் கூடாது, புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைச் சாய்த்துவிடும் என்பதையும் தெளிவாகச் சொன்னார்.

ஆனால் ரசாயனப் பகுதியில் எனக்குத் திருப்தி இல்லை. டைல்ஸ் கறைக்கு ஆசிட், பாசிக்கு பிளீச்சிங் பவுடர் என்று இரண்டும் ஒரே வண்டியில்தான் போகின்றன. இரண்டும் ஒரே வாளியில் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். எங்கள் தொழிலில் இதைச் சொல்லாமல் பயிற்சி முடியக் கூடாது. அவரோ கையுறை போடுங்கள், லேபிளைப் படியுங்கள் என்று ஐந்து நிமிடத்தில் நகர்ந்துவிட்டார். நான் கேட்ட பிறகுதான் விளக்கினார்.

கோப்பு அதைவிட மோசம். ஏதோ நூற்பாலைக்குத் தயாரித்ததில் கடைப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் விதிகள் நான்கு பக்கம் இருக்கின்றன, நாசிலைப் பற்றி ஒரு வரி இல்லை. எல்லாம் ஆங்கிலத்தில் வேறு. கையெழுத்துப் போட வேண்டிய ஆட்கள் யாராலும் அதைப் படிக்க முடியாது. கம்பெனியில் அந்தக் கோப்பை ஏற்றுக்கொண்டார்கள், ஆர்டரும் வந்தது. அதற்காக அது நல்ல கோப்பு ஆகிவிடாது. படிக்க முடியாத காகிதத்தில் கையெழுத்து வாங்குவது எனக்கு உறுத்துகிறது. போனில் சொன்னேன், தமிழில் இரண்டு பக்கம் அனுப்பினார்கள், அது உருப்படியாக இருந்தது. இந்தியில் கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை.

மற்ற வாட்டர் சர்வீஸ்காரர்கள் இப்படிப் பயிற்சிக்கு ஆள் கூப்பிடும்போது, ஆசிட்டுக்கும் பிளீச்சிங் பவுடருக்கும் அரை மணி நேரம் ஒதுக்குவதையும், ஆட்களின் மொழியில் கோப்பு தருவதையும் முன்பணம் கொடுக்கும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.