காற்று டயரா, திட டயரா: கையால் தள்ளும் சக்கர நாற்காலிக்கு எது?

சக்கர நாற்காலி வாங்கும்போது இருக்கை அகலம், எடை, மடிக்கும் விதம் எல்லாவற்றையும் அளந்து பார்க்கிறோம். பின்சக்கர டயரை மட்டும் கடைக்காரர் கையில் விட்டுவிடுகிறோம். "பஞ்சரே ஆகாது" என்று சொல்லித் திட டயரைப் பூட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். தன் கையாலேயே தள்ளிக்கொண்டு வெளியே போய்வருபவருக்கு நான் காற்று டயரைத்தான் சொல்வேன். நான் தேர்ந்ததும் அதுதான்.

திட டயருக்குப் பம்ப் வேண்டாம், பஞ்சர் பயமில்லை. காற்று டயர் அதிர்வை வாங்கிக்கொள்ளும். இவை எல்லாரும் அறிந்தவை.

பலர் கவனிக்காதது உருளும் சுலபம். திட டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி மீளும்போது தள்ளும் விசையில் ஒரு பங்கு வீணாகிறது. அந்தப் பங்கைக் கொடுப்பது தோள்பட்டை. நாற்காலியில் இருப்பவருக்குத் தோள்தான் கால். அது தேய்ந்தால் கட்டிலுக்கு மாறுவது, கழிவறைக்குப் போவது எல்லாமே சிக்கலாகிவிடும். 1:12 சாய்தளத்தில் (12 அடி நீளத்துக்கு ஓரடி உயர்வது) நம்மை இழுப்பது புவியீர்ப்பு, அங்கே டயரால் பெரிய வித்தியாசம் வராது. இங்கே சிங்கப்பூரில் அடுக்குமாடி புளோக்கிலிருந்து பேருந்து நிறுத்தம் வரையிலான சமதள நடைபாதை, பார்வையற்றோருக்கான புடைப்புக் கற்கள், சிராங்கூன் சாலைக் கடைகளின் முன்னே கூரையோடு போகும் ஐந்தடிப் பாதை, இங்கெல்லாம்தான் கை வித்தியாசத்தை உணரும்.

ஆனால் தேர்வைத் தீர்மானிப்பது வேறொன்று: வீட்டில் யார் காற்றடிப்பார்கள்?

காற்று பாதியாகக் குறைந்தாலும் காற்று டயர் உருளும். ஆபத்து பிரேக்கில் இருக்கிறது. கையால் தள்ளும் நாற்காலியில் பிரேக் என்பது டயரை அழுத்திப் பிடிக்கும் ஓர் உலோகக் கட்டை, அவ்வளவுதான். காற்று குறைந்த டயர் உள்வாங்கிக்கொள்ளும், கட்டைக்குப் பிடி கிடைக்காது. பிரேக் போட்டாயிற்று என்று நம்பிக் கட்டிலுக்கு மாறும்போது நாற்காலி பின்னால் நழுவும், ஆள் நடுவில் விழுவார். பேருந்திலும் இதே கதைதான். நாற்காலி பின்பக்கம் பார்த்தபடி முதுகுத் தடுப்பில் சாய்ந்து நிற்கும்போது நம்பியிருப்பது அந்தக் கட்டையைத்தான். 2020 முடிவிலிருந்து நம் பொதுப் பேருந்துகள் அனைத்திலும் சக்கர நாற்காலியோடு ஏறலாம். ஏறியபின் அசையாமல் நிற்க டயரில் காற்று வேண்டும்.

ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அளவுமானி உள்ள தரைப் பம்ப் கொண்டு காற்றுப் பார்க்க வேண்டும். எவ்வளவு என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். சாதாரண 24 அங்குல டயருக்கு 75 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) வாக்கில் இருக்கும், மெல்லிய உயரழுத்த டயருக்கு 100க்கும் மேல். விரலால் அழுத்திப் பார்த்து இதைக் கணிக்க முடியாது. வால்வு கார் டயரின் தடித்த வகையா, சைக்கிளின் மெல்லிய வகையா என்று பார்த்துப் பம்ப் வாங்குங்கள். காற்றடித்த பிறகு பிரேக்கைப் போட்டு நாற்காலியைத் தள்ளிப் பாருங்கள். சக்கரம் சுழன்றால், கட்டையைப் பிடித்திருக்கும் திருகுகளைத் தளர்த்திச் சில மில்லிமீட்டர் டயர்ப் பக்கம் நகர்த்தி இறுக்குங்கள். காற்றடிக்கும் முன் இதைச் செய்தால், பிறகு பிரேக்கை இழுக்கவே முடியாது.

பஞ்சருக்குக் கண்ணாடித் துண்டைப் பழிப்பது வழக்கம். டியூபில் பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டைகள் இருந்தால், அது காற்று குறைந்த டயர் மேட்டு விளிம்பில் மோதி டியூப் நசுங்கியதன் அடையாளம். டியூபின் உட்பக்கத்தில் ஓட்டை இருந்தால் ரிம்மின் நாடா விலகி ஆரக்கால் முனை குத்தியிருக்கிறது. நாடாவைச் சரிசெய்யாமல் டியூபை மட்டும் மாற்றினால் மறுபடியும் போகும்.

அக்கம்பக்கத்துச் சைக்கிள் கடையில் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அளவைக் கவனியுங்கள். 24 அங்குலச் சக்கர நாற்காலி டயரில் பெரும்பாலும் 25-540 அல்லது 37-540 என்றிருக்கும்; முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது அது உட்காரும் ரிம்மின் விட்டம், மில்லிமீட்டரில். கடையில் கிடைக்கும் 24 அங்குல மலைச் சைக்கிள் டயர் 507. பெயர் ஒன்று, விட்டம் வேறு. 540க்கான டியூப் இரண்டை வீட்டிலேயே வாங்கி வையுங்கள்.

திட டயரிலும் பராமரிப்பு இல்லாமல் இல்லை. நாளாகித் தளர்ந்தால் திரும்பும்போது ரிம்மிலிருந்து பிதுங்கும். திரும்ப ஏற்றத் தனிக் கருவியும் நல்ல பலமும் வேண்டும். பல திட டயர்களின் பொருளான பாலியூரித்தேனை நம் ஊர் வெப்பமும் ஈரமும் சிதைக்கும், அலமாரியில் கிடந்த காலணியின் அடிப்பாகம் உதிர்வதைப் போல. அதிர்வு நேரே சட்டத்துக்குப் போவதால் திருகுகளும் சீக்கிரம் தளரும்.

காற்று டயருக்குள் டியூபுக்குப் பதில் நுரை வளையம் வைப்பது நடுவழி. எனக்கு அதில் நீண்ட பழக்கமில்லை. எடை கூடும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

முன்சக்கரம் இரண்டு நிலையிலும் திட டயராகவே இருக்கட்டும். சிறிய சக்கரத்தில் காற்று வைத்துப் பராமரிக்கும் தொல்லைக்கு ஏற்ற பலன் கிடைக்காது.

தனியாக வாழ்பவர், கையில் பலமில்லாதவர், பம்ப் அடிக்க வாரம் ஒருவர்கூட வராத வீடு: இவர்களுக்குத் தயங்காமல் திட டயர். வீட்டுக்குள்ளேயே பிறர் தள்ளிச் செல்லும் நாற்காலிக்கும் அதுவே போதும். உடற்குறையுள்ளோருக்கான அமைப்பான எஸ்ஜி எனேபல் வழி, உதவிக் கருவி வாங்க மானியம் தரும் உதவித் தொழில்நுட்ப நிதிக்கு விண்ணப்பிப்பவர்கள், விலைப்பட்டியல் தயாராகும் முன்பே சிகிச்சையாளரிடம் டயர் வகையைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். நாற்காலி வந்தபின் மாற்றுவதென்றால், டயரோடு சில சமயம் ரிம்மையும் மாற்ற வேண்டிவரும்.