டிரம் மெஷின் வாங்கப் போய் இரண்டு முறை ஏமாந்தேன்: பழைய கருவி வாங்குபவர்கள் கவனத்துக்கு

முதல் முறையாக சிந்தசைசரோ (மின்சுற்றால் ஒலி உருவாக்கும் கருவி) டிரம் மெஷினோ (தாள ஒலிகளை வரிசையாக வாசிக்கும் பெட்டி) வாங்கப் போகிறீர்களா? அதுவும் இன்னொருவர் கை பட்ட கருவியா? தயவுசெய்து இதை முழுசாகப் படித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். ஒரே ஆளிடம் இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன். இரண்டு முறையும் கருவிகள் மேல் தப்பே இல்லை. என்னிடம் சொல்லப்பட்டது பொய், அதைச் சோதித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

லேப்டாப்பில் மட்டுமே எலக்ட்ரானிக் இசை செய்துகொண்டிருந்தவன் நான். மவுஸைப் பிடித்துக்கொண்டு ஹை-ஹேட் (டிரம் செட்டின் சின்னத் தட்டு ஒலி) ஒவ்வொன்றாக வைத்து வைத்துச் சலித்துவிட்டது. விரலால் ஸ்டெப் பட்டன்களை (தாளத்தின் ஒவ்வொரு இடத்துக்கும் ஒன்று) தட்டி, ஓடிக்கொண்டிருக்கும்போதே கிக்கை (கனத்த டிரம் அடி) மாற்றி, ஸ்நேரை (கூர்மையான டிரம் அடி) தூக்கி, குமிழைத் திருகித் திருகி ஒரு பேட்டர்னை வளர்க்க வேண்டும் என்று ஆசை. என் பாட்டுகள் எல்லாமே தாளத்திலிருந்துதான் தொடங்கும். அதனால் டிரம் மெஷின்தான் வேண்டும் என்று தெளிவாக முடிவு செய்துதான் போனேன்.

விற்பவர் அந்த முடிவைப் பத்தே நிமிடத்தில் கலைத்துவிட்டார். "தம்பி, டிரம் மெஷினில் டிரம் மட்டும்தான் வரும். சிந்தசைசரில் டிரம்மும் வரும், கீழ்ச்சுருதி பேஸும் வரும், பல ஸ்வரம் சேர்ந்த கார்டும் வரும். ஒரே பெட்டி. ஒன்றுக்கு மூன்று எதற்கு வாங்குகிறாய்?" என்றார். கேட்டதும் நியாயமாகப் பட்டது. பாதி உண்மையும்கூட. கிக் டிரம் என்பது அடிப்படையில் சுருதி சட்டென்று கீழே விழும் ஒரு சைன் அலை. ஸ்நேர் என்றால் ஓரிரண்டு ஸ்வரமும் கொஞ்சம் இரைச்சலும். ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808 டிரம் மெஷினின் ஹை-ஹேட்டைப் பிரித்துப் பார்த்தால் ஆறு சதுர அலை ஆஸிலேட்டர்களை (அலை உருவாக்கும் சுற்றுகள்) ஒன்றாகக் கலந்து ஃபில்டர் (ஒலியின் சில பகுதிகளை வெட்டும் சுற்று) வழியாக விட்டிருப்பார்கள். ஆக, சிந்தசைசரால் டிரம் ஒலி செய்ய முடியும் என்பதில் பொய் இல்லை. அவர் சொல்லாமல் விட்டதுதான் விஷயம்: ஒரு நேரத்தில் எத்தனை விதமான ஒலி?

வாசித்தும் காட்டினார். கிக் ஓடியது, மேலே ஹை-ஹேட், கீழே பேஸ், நடுவில் அகலமான ஒரு கார்டு. எல்லாம் அந்த ஒரு பெட்டியிலிருந்து வருவதாகச் சொன்னார். மேசைக்குக் கீழே ஒரு கறுப்புக் கேபிள் இறங்கிப் போவதைப் பார்த்தேன். கேட்டேன். "அது ஸ்பீக்கருக்கு" என்றார். குனிந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. கீழே ஒரு லூப்பர், அதாவது பதிவு செய்ததைத் திரும்பத் திரும்ப ஓட்டும் பெட்டி, இருந்திருக்கிறது. ஒவ்வொரு ஒலியையும் தனித்தனியாக முன்பே பதிவு செய்து வைத்து, அதன் மேல் ஒன்றை மட்டும் நேரில் வாசித்திருக்கிறார். ரிவெர்பும் (எதிரொலி விளைவு) வெளியிலிருந்துதான். இதெல்லாம் பிறகு, நானே உட்கார்ந்து அதே ஒலியை வரவழைக்க முயன்று தோற்றபோதுதான் புரிந்தது. கடைசியில் அவரே ஒப்புக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கிக் ஒலி ஒன்றைச் செய்தேன். நன்றாகவே வந்தது. சரி, அதை ஓடவிட்டு ஹை-ஹேட் சேர்க்கலாம் என்று பார்த்தால் வழியே இல்லை. கருவி முழுவதற்கும் ஒரே பேட்ச்தான், அதாவது ஒரே ஒலி அமைப்பு. எந்தக் கட்டையை அழுத்தினாலும் அதே கிக், சுருதி மட்டும் மாறும். ஹை-ஹேட் பேட்சுக்கு மாற்றினால் கிக் போய்விடும். பல ஒலிகளை ஒரே நேரத்தில் தரும் கருவிக்கு மல்டிடிம்ப்ரல் என்று பெயர். இது அது இல்லை. நான்கு வாய்ஸ் (ஒரே நேரத்தில் நான்கு ஸ்வரம்) இருக்கிறது என்பது வேறு, நான்கு விதமான ஒலி ஒன்றாக வரும் என்பது வேறு. இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் நான் முன்பே அறிந்திருந்தால் அன்றைக்கே எழுந்து வந்திருப்பேன்.

அந்த நான்கு வாய்ஸும் சொன்னபடி இல்லை. பாலிஃபோனிக், அதாவது ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக முழுமையாக ஒலிக்கும் என்றுதான் சொல்லி விற்றார். மூன்று கட்டைகளை அழுத்திப் பிடித்து, ஒலி மெல்ல இருண்டு அடங்கும் வரை காத்திருந்தேன். பிறகு நான்காவது கட்டையைத் தொட்டேன். அடங்கிப்போன மூன்று ஸ்வரங்களும் அதோடு சேர்ந்து மறுபடி பளிச்சென்று திறந்துகொண்டன. புதிதாக அழுத்தியது ஒன்று, எழுந்தது நான்கு. காரணம் எளிது: ஆஸிலேட்டர்தான் நான்கு, ஃபில்டர் ஒன்றே ஒன்று. எல்லா ஸ்வரமும் அந்த ஒரு வாசல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். இதற்குப் பெயர் பாராஃபோனிக். 1981-இல் கோர்க் நிறுவனம் விட்ட இரண்டு கருவிகளை ஒப்பிட்டால் இது விளங்கும். மோனோ/பாலியில் நான்கு ஆஸிலேட்டர், ஒரு ஃபில்டர். பாலிசிக்ஸில் ஆறு வாய்ஸ், ஒவ்வொன்றுக்கும் தனி ஃபில்டர். பாராஃபோனிக் மட்டம் என்று நான் சொல்லவில்லை, மோனோ/பாலியின் ஒலிக்காக ஏங்குகிறவர்கள் இன்றும் உண்டு. ஆனால் ஒன்றின் பெயரைச் சொல்லி இன்னொன்றைத் தலையில் கட்டுவது ஏமாற்றுதான்.

இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. மூன்றைப் பிடியுங்கள், அடங்க விடுங்கள், நான்காவதைத் தொடுங்கள். வாங்கும் இடத்திலேயே செய்யுங்கள்.

போன் செய்தேன். முதல் மூன்று நாள் எடுக்கவில்லை. எடுத்தபோது குரலில் தேன். "பணம் திருப்பித் தர முடியாது தம்பி, ஆனால் நீ கேட்ட டிரம் மெஷினையே தருகிறேன். அசல் அனலாக். மேலே கொஞ்சம் போட்டுக் கொடு, உன் சிந்தசைசரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்." அனலாக் (பதிவு செய்த ஒலி இல்லாமல் மின்சுற்றே ஒலி உருவாக்குவது) என்ற சொல்லுக்கு அப்போது என்னிடம் இருந்த மயக்கத்தை அவர் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்.

அவர் காட்டியது ரோலண்ட் டிஆர்-606. வெள்ளி நிறம், கையடக்கம். 1981-இல் வந்தது, டிபி-303 என்ற பேஸ் கருவிக்கு ஜோடியாக விற்கப்பட்டது. ஏழு ஒலி, பதினாறு ஸ்டெப். தனியாக ஓடவிட்டுக் கேட்டபோது, சத்தியமாகச் சொல்கிறேன், மனம் போய்விட்டது. அந்த மெல்லிய, சில்லென்ற ஹை-ஹேட்டை எத்தனையோ பாட்டுகளில் கேட்டிருக்கிறேன். அதுவே என் விரலுக்குக் கீழே ஓடியது. மிடி என்பது இசைக் கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் பொது முறை. நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "அண்ணா, லேப்டாப்போடு சேர்ந்து ஓடுமா? மிடி இருக்கிறதா?" கருவியைத் திருப்பிக் காட்டினார். ஐந்து துளைகள் கொண்ட வட்டச் சாக்கெட். அதன் மேல் மிடி என்று அச்சடித்த சின்ன ஸ்டிக்கர். "இதோ, பார்த்துக்கொள்."

வாங்கிக்கொண்டு வந்தேன்.

கேபிள் சரியாகப் பொருந்தியது. லேப்டாப்பில் கிளாக்கை, அதாவது வேகத்தைச் சொல்லும் துடிப்பை, ஓடவிட்டேன். டிரம் மெஷின் அசையவில்லை. அமைப்புகளை மாற்றிப் பார்த்தேன், கேபிளை மாற்றிப் பார்த்தேன், ஆடியோ இன்டர்ஃபேஸையே மாற்றிப் பார்த்தேன். இரவு முழுக்க என் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு கட்டத்தில் கைவிளக்கை எடுத்து பின்பக்கத்தைப் பார்த்தபோது, அந்த ஸ்டிக்கரின் ஒரு மூலை லேசாகத் தூக்கியிருந்தது. நகத்தால் கிளப்பினேன். பசை இன்னும் காயவில்லை, நூல் நூலாக இழுத்தது. நாற்பது வருடத்துக் கருவியில் காயாத பசை. அடியில் கருவியிலேயே அச்சாகியிருந்த சொல் தெரிந்தது: சிங்க்.

இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் குழியில் விழப்போகிறவர் நிறையப் பேர் இருப்பார்கள். மிடிக்கு முன்னால் ரோலண்ட் தன் கருவிகளை ஒன்றோடொன்று சேர்த்து ஓட்ட டின் சிங்க் என்ற முறையை வைத்திருந்தது. அதற்கும் மிடிக்கும் ஒரே வடிவச் சாக்கெட், ஒரே ஐந்து துளை. கண்ணால் பார்த்துப் பிரிக்கவே முடியாது. இரண்டிலும் ஒரு தாள அடிக்கு (கால் நோட்) 24 கிளாக் என்பதுகூட ஒன்றுதான். ஆனால் உள்ளே நடப்பது வேறு. டின் சிங்கில் வெறும் மின்னழுத்தத் துடிப்பு வரும்: ஒரு முள்ளில் கிளாக், இன்னொரு முள்ளில் ஓடு, நில். மிடியோ விநாடிக்கு 31,250 பிட் வேகத்தில் செய்தியாகப் போகும், அதற்கு 4, 5-ஆம் முள் போதும். டின் சிங்க் 1, 3-ஆம் முள்ளைத்தான் எதிர்பார்க்கிறது. பல மிடி கேபிள்களில் அந்த இரண்டு முள்ளுக்கும் உள்ளே கம்பியே இருக்காது. நான் இரவெல்லாம் அனுப்பிய கிளாக் அந்தக் கருவிக்குப் போய்ச் சேரவே இல்லை.

வருடத்தை வைத்தே இதைக் கண்டுபிடித்திருக்கலாம் என்பதுதான் என்னை இன்னும் குடைகிறது. மிடி தரமே 1983-இல்தான் வெளியானது. 606, 808, 303 மூன்றும் அதற்கு முன்னால் வடிவமைத்தவை. பின்னால் யாராவது உள்ளே பலகை வைத்து மிடி சேர்த்திருந்தால் ஒழிய அவற்றில் மிடி இருக்க வழியில்லை. 1983-இல் வந்த டிஆர்-909-இல்தான் ரோலண்ட் டிரம் மெஷினுக்கு மிடி வந்தது. அதில் டின் சிங்கும் கூடவே உண்டு.

மறுநாள் பேட்டரிப் பெட்டியைத் திறந்தேன். ஸ்பிரிங் எல்லாம் பச்சைப் பூத்து அரித்திருந்தது. அந்தக் கருவி பேட்டரியை நம்பித்தான் பேட்டர்ன்களை நினைவில் வைத்திருக்கும். ஆக, அடாப்டரைப் பிடுங்கினால் செய்ததெல்லாம் போச்சு. அவர் காட்டும்போது அடாப்டரிலேயே வைத்திருந்தார், ஒரு முறைகூட அணைக்கவில்லை.

மறுபடி போன். ஸ்டிக்கரைப் பற்றிக் கேட்டதும், "எனக்கு வந்தபோதே அப்படித்தான் இருந்தது" என்றார். லூப்பரைப் பற்றிக் கேட்டேன். "டெமோ என்றால் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், நீதான் கேட்டிருக்க வேண்டும்" என்றார். அதன் பிறகு என் எண்ணை எடுப்பதில்லை.

சரி, இப்போது யாராவது என்னிடம் இரண்டில் எது என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் பாட்டு எங்கிருந்து தொடங்குகிறது? தாளத்திலிருந்து என்றால் டிரம் மெஷின் வாங்குங்கள், யார் என்ன சொன்னாலும் மாறாதீர்கள். கிக்குக்கும் ஸ்நேருக்கும் ஹை-ஹேட்டுக்கும் தனித்தனிச் சுற்று, எல்லாம் ஒரே நேரத்தில், ஒவ்வொன்றுக்கும் கைக்கெட்டும் குமிழ். இதை நான்கு வாய்ஸ் சிந்தசைசர் ஈடுகட்டாது. லேப்டாப்பில் செய்யும் டிரம்மே உங்களுக்குப் போதும், பேஸும் கார்டும்தான் உயிரில்லாமல் இருக்கின்றன என்றால் சிந்தசைசர். இரண்டும் ஒரே பெட்டியில் வேண்டுமென்றால் அதற்கென்றே செய்த கருவிகள் இருக்கின்றன, ஆனால் அவற்றிலும் கிக் அடிக்கும்போது கார்டில் ஒரு ஸ்வரம் அறுந்து போகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். வாய்ஸ்களை எல்லா ஒலிகளும் பங்கு போட்டுக்கொள்ளும் கருவியில் அது நடக்கும்.

டிரம் மெஷின் பார்க்கும்போது ஒவ்வொரு ஒலிக்கும் தனி வெளியீடு இருக்கிறதா என்று பின்பக்கத்தை எண்ணுங்கள். 808-க்கும் 909-க்கும் உண்டு. 606-இல் எல்லாம் கலந்து ஒரே மோனோவாக வரும், அதனால் ஸ்நேருக்கு மட்டும் ரிவெர்ப் போட நினைத்தால் கிக்கும் சேர்ந்து நனையும். உங்கள் ஹெட்ஃபோனை எடுத்துப் போங்கள், கருவியில் நேராகச் செருகுங்கள், மற்ற எல்லாக் கேபிளையும் கழற்றச் சொல்லுங்கள். ஒரு பேட்டர்ன் எழுதி, சேமித்து, மின்சாரத்தை அணைத்து, திரும்பப் போட்டுப் பாருங்கள். முடிந்தால் லேப்டாப்பையும் கொண்டுபோய், சேர்ந்து ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே பேச்சை முடியுங்கள். சலித்துக்கொள்கிற விற்பனையாளரிடம் எதுவும் வாங்க வேண்டாம்.

அனலாக் என்ற சொல்லுக்காக மட்டும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். உலகமே கொண்டாடும் 909-இல் ஹை-ஹேட்டும் சிம்பலும் 6-பிட் சாம்பிள்கள்தான், அதாவது டிஜிட்டலாகப் பதிவு செய்த ஒலிகள். 1980-இல் வந்த லின் எல்எம்-1 முழுக்க முழுக்கச் சாம்பிள். எது பாட்டுக்குப் பொருந்துகிறது என்று காது சொல்லட்டும்.

606 இப்போதும் என் மேசையில்தான் இருக்கிறது. மிடியை டின் சிங்காக மாற்றும் பெட்டி ஒன்று வாங்க வேண்டும், அதற்குத் தனியாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை லேப்டாப்பின் டெம்போவுக்குக் குமிழைக் காதால் திருகி, கையால் ஸ்டார்ட் அழுத்திப் பதிவு செய்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போகும், பிறகு வெட்டி ஒட்ட வேண்டும்.

போன வாரம் அந்த சிந்தசைசரை ஒரு விளம்பரத்தில் பார்த்தேன். நான் திருப்பிக் கொடுத்த அதே கருவி. ஃபில்டர் குமிழுக்குப் பக்கத்தில் என் மோதிரம் பட்டு விழுந்த பிறை வடிவக் கீறல் படத்தில் தெளிவாகத் தெரிகிறது. நான்கு வாய்ஸ், முழு பாலிஃபோனிக், டிரம்மும் வாசிக்கலாம் என்று எழுதியிருக்கிறார். பின்பக்கப் படம் இல்லை. அந்தக் கீறலைப் பார்த்தால் மூன்று கட்டைகளைப் பிடித்து நான்காவதைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள், மேசைக்கு அடியில் குனிந்தும் பாருங்கள்.