பிள்ளையின் தட்டா, ஊரின் சந்தையா?

பாளையங்கோட்டையில் ஒரு மூன்று வயதுப் பிள்ளையின் வயிற்றுக்குள் ஆர்செனிக், ஈயம், சாயம் எல்லாம் எவ்வளவு போகிறது? கண்டுபிடிக்க இரண்டு வழிகள்.

ஒன்று, இரட்டைப் பங்கு. பிள்ளை சாப்பிடும் ஒவ்வொன்றிலும் அதே அளவை டப்பாவில் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது. பாதி இட்லி, சொதிச் சோறு, அலுமினியச் சட்டியில் கொதித்த புளிக்குழம்பு, கிணற்றுத் தண்ணீர் எல்லாம் வரவேண்டும். அந்த வீட்டின் நிலவரம் அப்படியே கிடைக்கும். ஆனால் டப்பாவைப் பார்த்ததுமே அம்மாக்கள் தேன்மிட்டாயை ஒளித்துவிடுவார்கள்! அப்புறம், எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்துச் சோதித்தால், ஈயம் எதிலிருந்து வந்தது என்று தெரியாது. டப்பாவில் எடுப்பது சில நாள்தான் என்பதால், எப்போதாவது வாங்கும் சீலா மீனின் பாதரசமும் தப்பிவிடும்.

இன்னொன்று, மொத்த உணவு ஆய்வு. ஊரில் அதிகம் உண்பவற்றைக் கடைகளில் வாங்கி, வீட்டில் செய்வதுபோலவே சமைத்து அளப்பது. அதை உண்ணும் அளவால் பெருக்கி, உடல் எடையால் வகுப்பார்கள். கிலோ எடைக்குக் கணக்கிட்டால் பெரியவர்களைவிடப் பிள்ளைகள் அதிகம் உண்கிறார்கள். மூன்று வயதுக்குட்பட்டோருக்கான இப்படியொரு ஆய்வைப் பிரான்ஸ் 2016-ல் வெளியிட்டது. சமையல் முறையும் முக்கியம்: நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்த சோற்றில் ஆர்செனிக் குறையும், குக்கர் சோற்றில் அப்படியே நிற்கும்.

மாவட்டம் முழுமைக்கும் என்றால் என் ஓட்டு இரண்டாவதற்கே. குறிப்பிட்ட கிணற்றின்மேல் சந்தேகமா, டப்பாதான் சரி. 2024-ல் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய் விற்பனையைத் தடைசெய்ய வைத்த ரோடமின்-பி போன்ற சாயத்துக்கு இரண்டுமே வேண்டாம். அது உணவில் இருந்தாலே குற்றம்.