கொலையாளியின் பெயரா, கொலையுண்டவரின் பையா?

1888 செப்டம்பர் 30. விடிய இன்னும் பல மணி நேரம் இருந்தது. லண்டன் மைட்டர் சதுக்கத்தின் இருண்ட மூலையில் கேத்தரின் எட்டோஸ் கொலையுண்டு கிடந்தார். வயது 46. அவர் உடுத்தியிருந்ததையும் வைத்திருந்ததையும் போலீஸார் ஒன்று விடாமல் பட்டியலிட்டார்கள். ஒரு தகர டப்பாவில் தேயிலை, இன்னொன்றில் சர்க்கரை. ஆறு துண்டு சோப்பு. ஒரு சீப்பு. களிமண்ணில் செய்த புகைக்குழாய்கள் இரண்டு. வெள்ளைப் பிடி போட்ட சாப்பாட்டுக் கத்தி. உடைந்த மூக்குக் கண்ணாடியின் ஒரு பகுதி. சிவப்புக் கையுறை, ஒரு கைக்கு மட்டும். ஒரு கடுகு டப்பா. அதற்குள் இரண்டு அடகுச் சீட்டுகள்.

இந்தப் பட்டியலை நான் முதன்முதலில் கேட்டது ஒரு பாட்காஸ்ட் உரையாடலில். இந்தக் கொலையைச் செய்தவனாகச் சொல்லப்படும், இன்றுவரை யாரென்று தெரியாத ஜாக் தி ரிப்பர் பற்றி அதற்கு முன்பே பத்து மணி நேரமாவது கேட்டிருப்பேன். அத்தனை நேரத்தில் ஒருவர்கூட அந்தத் தேயிலை டப்பாவைப் பற்றிப் பேசவில்லை. அன்றிலிருந்துதான் யார் பேசுகிறார்கள், எதைத் தேடிப் பேசுகிறார்கள் என்று கவனிக்கத் தொடங்கினேன்.

பழைய கொலை வழக்குகளைப் பற்றி எழுத்தாளர்களோடும் வரலாற்றாசிரியர்களோடும் உரையாடும் நிகழ்ச்சிகளுக்கு இப்போது குறைவில்லை. அவற்றுக்கு வரும் விருந்தினர்களை நான் மூன்று வகையாகப் பார்க்கிறேன். முதலாமவர் கொலையாளியின் பெயரோடு வருகிறார். இரண்டாமவர் ஆவணக் கட்டோடு வருகிறார். மூன்றாமவர் கொலையுண்டவரின் வாழ்க்கையோடு வருகிறார். மூவரில் யாருக்கு நம் நேரத்தைக் கொடுக்கலாம் என்று எடைபோட ரிப்பர் வழக்கே போதும். 1888 ஆகஸ்ட் 31 முதல் நவம்பர் 9 வரை கிழக்கு லண்டனிலும் அதை ஒட்டிய பகுதியிலும் மேரி ஆன் நிக்கல்ஸ், ஆனி சாப்மன், எலிசபெத் ஸ்ட்ரைட், கேத்தரின் எட்டோஸ், மேரி ஜேன் கெல்லி என்று ஐந்து பெண்கள் கொல்லப்பட்டார்கள். இந்தக் கொலைகளுக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. விடை இல்லாத வழக்கு என்பதால் மூன்று வகையினருக்கும் இதில் இடம் இருக்கிறது.

முதல் வகைக்குப் பெரிய உதாரணம் அமெரிக்கத் துப்பறியும் நாவலாசிரியர் பட்ரீசியா கார்ன்வெல். ஓவியர் வால்டர் சிக்கர்ட்தான் ரிப்பர் என்று 2002இல் ஒரு புத்தகம் எழுதி, வழக்கு முடிந்துவிட்டது என்றே அறிவித்தார். சொந்தப் பணத்தைக் கொட்டி ஆய்வு செய்தார்; சிக்கர்ட்டின் ஓவியங்களையே விலைக்கு வாங்கினார். ரிப்பர் பெயரில் போலீஸுக்கு வந்த கடிதங்களின் அஞ்சல் தலைகளிலும் உறைகளிலும் மரபணுத் தடயம் தேடினார். இதையெல்லாம் அவர் வாயால் விவரிக்கும்போது காதை எடுக்க முடியாது. ஒரு நாவலாசிரியருக்குக் காட்சியை எங்கே நிறுத்த வேண்டும், எங்கே தள்ள வேண்டும் என்பது கைவந்த கலை.

ஆனால் உரையாடல் முடிந்தபின் பத்து நிமிடம் யோசித்துப் பார்த்தால் கட்டடம் ஆடுகிறது. ரிப்பர் பெயரில் வந்த கடிதங்கள் நூற்றுக்கணக்கானவை. அவற்றில் மிகப் பெரும்பாலானவை, ஒருவேளை அத்தனையுமே, யாரோ விளையாட்டுக்கோ விளம்பரத்துக்கோ எழுதியவை என்பதே ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. அவற்றில் ஒன்றை சிக்கர்ட் எழுதியிருந்தாலும், அவர் கடிதம் எழுதினார் என்றுதான் ஆகுமே தவிர, கொலை செய்தார் என்று ஆகாது. அங்கே பரிசோதிக்கப்பட்ட தாய்வழி மரபணு ஒருவரை மட்டும் சுட்டும் கைரேகை அல்ல. ஆயிரக்கணக்கானோரிடம் ஒரே மாதிரி இருக்கக்கூடியது. போதாததற்கு, கொலைகள் நடந்த காலத்தின் ஒரு பகுதியில் சிக்கர்ட் பிரான்ஸில் இருந்தார் என்று எண்ண வைக்கும் குடும்பக் கடிதங்களும் இருக்கின்றன.

2014இல் இன்னொரு சத்தம் எழுந்தது. ஏலத்தில் வாங்கிய பழைய சால்வை ஒன்றை எட்டோஸின் உடலருகே கிடந்தது என்று சொல்லி, அதிலிருந்த மரபணுவை வைத்து ஆரன் காஸ்மின்ஸ்கி என்ற யூதக் குடியேறியே கொலையாளி என்று அறிவித்தார்கள். உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. பிறகுதான் அரிய மரபணு மாற்றம் என்று சொல்லப்பட்டதன் எண்ணைக் குறிப்பதிலேயே பிழை இருப்பதாக மரபணு வல்லுநர்கள் காட்டினார்கள். சரியான எண்ணில் பார்த்தால் அது ஐரோப்பியர் ஏறக்குறைய அனைவரிடமும் இருக்கும் மாற்றம். எனக்கோ அதைவிட எளிய ஒரு கேள்வி உண்டு. உடைந்த கண்ணாடித் துண்டையும் ஒற்றைக் கையுறையையும்கூட எழுதிவைத்த போலீஸ் பட்டியலில் அந்தச் சால்வை எங்கே? கழுத்தில் கட்டியிருந்த சிவப்புப் பட்டுத் துணி இருக்கிறது. சால்வை இல்லை. இந்த அறிவிப்பைப் புத்தகமாக எழுதியவரைப் பேட்டி கண்டவர்களில் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இதைக் கேட்ட ஒருவரை நான் இன்னும் கேட்கவில்லை.

இரண்டாம் வகையினர் ஆவணக்காரர்கள். இவர்களோடு நடக்கும் உரையாடல் மெதுவாகத்தான் போகும், ஆனால் அடித்தளம் உறுதியானது. 1994இல் இந்த வழக்கின் முழு வரலாற்றை எழுதிய பிலிப் சக்டன் இந்த வகைக்கு நல்ல முன்மாதிரி. ஸ்காட்லாந்து யார்டு அதிகாரி மெல்வில் மாக்நாட்டன் 1894இல் எழுதிய குறிப்பு ஒன்றில் மூன்று சந்தேக நபர்களின் பெயர் இருக்கிறது. நூறு ஆண்டுகளாக அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர்கள் பலர். ஆவணக்காரர்கள் அந்தக் குறிப்பையே விசாரணைக் கூண்டில் ஏற்றினார்கள். மாக்நாட்டன் பணியில் சேர்ந்ததே 1889இல், கொலைகள் முடிந்த பிறகு. அந்த மூவரில் ஒருவரான மான்டேகு டிரூயிட்டை மருத்துவர் என்றும் 41 வயது என்றும் எழுதுகிறார். உண்மையில் அவர் வழக்கறிஞர், பள்ளி ஆசிரியரும்கூட, இறந்தபோது வயது 31. இன்னொரு சந்தேக நபரான மைக்கேல் ஆஸ்ட்ராக் அந்தச் சமயத்தில் பிரான்ஸில் சிறையில் இருந்தார். அதிகாரி எழுதிவிட்டார் என்பதாலேயே ஒரு காகிதம் சாட்சியாகிவிடாது என்பதை இந்த வகை விருந்தினரைப் போலப் பொறுமையாகக் கற்றுத்தருபவர் வேறு யாரும் இல்லை. தூக்கம் வருகிற நேரத்தில் மட்டும் கேட்காதீர்கள். பெயர்களும் தேதிகளும் நழுவிவிடும்.

மூன்றாம் வகையில் என் மனம் தங்கிவிட்டது. வரலாற்றாசிரியர் ஹாலி ரூபன்ஹோல்ட் 2019இல் அந்த ஐந்து பெண்களின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். புனைவல்லாத நூல்களுக்கான அந்த ஆண்டின் பெய்லி கிஃபோர்டு பரிசும் அதற்குக் கிடைத்தது. கொலை நடந்த விதத்தை அந்தப் புத்தகத்தில் அவர் விவரிக்கவே இல்லை. அவரோடு நடக்கும் உரையாடலில் பேட்டியாளர் எத்தனை முறை கொலையாளி பக்கம் இழுத்தாலும், பேச்சு ஒரு வாடகை அறைக்கோ, ஒரு பட்டறைக்கோ, ஒரு குழந்தையின் சவ அடக்கத்துக்கோ திரும்பிவிடுகிறது.

மேரி ஆன் நிக்கல்ஸ் ஒரு கருமானின் மகள், ஐந்து குழந்தைகளின் தாய். கொலைக்குச் சில மாதங்கள் முன்பு ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்து, சுற்றிலும் மரங்களும் தோட்டமுமாக இடம் நன்றாக இருக்கிறது என்று அப்பாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கடைசி இரவில் சத்திரத்தில் படுக்கைக்குக் கொடுக்க அவரிடம் நான்கு பென்னி இல்லை. ஆனி சாப்மனின் கணவர் வண்டியோட்டி. அவர்களுடைய மகள் ஒருத்தி 12 வயதில் மூளைக் காய்ச்சலில் இறந்தாள். எலிசபெத் ஸ்ட்ரைட் சுவீடனில் கோத்தன்பர்க் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, லண்டனில் கணவரோடு காபிக் கடை நடத்தியவர். மேரி ஜேன் கெல்லியைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்ல அதிகம் இல்லை.

எட்டோஸின் அடகுச் சீட்டுகளுக்கு வருகிறேன். அவரும் உடன் வாழ்ந்த ஜான் கெல்லியும் கென்ட் பகுதிக்கு, பீர் தயாரிக்கப் பயன்படும் ஹாப் அறுவடை வேலைக்குப் போய், கையில் காசில்லாமல் நடந்தே லண்டன் திரும்பியவர்கள். ஜானின் காலணியை அடகு வைத்துக் கிடைத்தது இரண்டு ஷில்லிங் ஆறு பென்னி. அந்தப் பணத்தில் சாப்பாடும் தேயிலையும் சர்க்கரையும் வாங்கினார்கள். இன்னொரு சீட்டு, அறுவடையிலிருந்து திரும்பும் வழியில் சந்தித்த ஒரு பெண் கொடுத்தது. சவக்கிடங்கில் கிடந்தவர் யாரென்று போலீஸுக்குத் தெரியவில்லை. அடகுச் சீட்டுகளில் இருந்த பெயர்களைச் செய்தித்தாளில் பார்த்துத்தான் ஜான் கெல்லி பதறிக்கொண்டு காவல் நிலையத்துக்கு வந்தார். அந்தத் தேயிலை அவருடைய காலணியின் விலை. இதைக் கேட்டபிறகு மைட்டர் சதுக்கத்தை வெறும் மர்மக் கதையின் களமாக என்னால் நினைக்க முடியவில்லை.

ரூபன்ஹோல்ட் சொல்வதை எல்லாம் அப்படியே ஏற்கிறேன் என்று இல்லை. ஐவரில் மூவர் பாலியல் தொழில் செய்ததற்குச் சான்றே இல்லை என்றும், பெரும்பாலோர் உறங்கும்போது தாக்கப்பட்டிருக்கலாம் என்றும் அவர் வாதிடுகிறார். மரண விசாரணைச் சாட்சியங்களில் அதற்கு எதிரான வரிகளை அவர் போதுமான அளவு எடைபோடவில்லை என்று ஆவணக்காரர்கள் கடுமையாகவே மறுக்கிறார்கள். அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. எப்படிப் பிழைத்திருந்தாலும் அவர்கள் கொலைக்கு உரியவர்கள் அல்லர்; அதைச் சொல்ல அவர்களை அந்தத் தொழிலிலிருந்து விடுவித்துக் காட்ட வேண்டிய தேவை இல்லை என்பது என் எண்ணம். ஆனாலும் அவருடைய பிழை, பிழை என்று தெரிந்தபின் ஒரு தேதியையோ ஒரு ஊகத்தையோ திருத்தினால் சரியாகிவிடும். பெயர் சொல்கிறவரின் பிழை அப்படி அல்ல. இறந்துபோன ஓவியர் ஒருவரும், மனநோய் விடுதியில் வாழ்ந்து முடிந்த ஒரு ஏழைக் குடியேறியும் இன்று இணையத்தில் தேடினால் கொலைகாரர்களாக வந்து நிற்கிறார்கள். அவர்களுக்காக மேல்முறையீடு செய்ய யாரும் இல்லை.

பாதி வேலை பேட்டி எடுப்பவர் கையிலும் இருக்கிறது. யார் செய்தது என்று கேட்டால் மூவருமே சுருங்கிப்போகிறார்கள். ஆவணக்காரர்கூட ஏதோ ஒரு பெயரைச் சொல்லி வைக்கிறார். இது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் ஆவணக்காரர் மலர்கிறார். அன்று மாலை கொலையுண்டவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டால் ரூபன்ஹோல்ட் போன்றவர்கள் மலர்கிறார்கள். புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர் ஆவணக்காரரில் தொடங்கி, வாழ்க்கை எழுதுகிறவரிடம் போய், கடைசியில் பெயர் சொல்கிறவரிடம் வரலாம். அந்த வரிசையில் வந்தால் அவரையும் ரசிக்க முடியும், ஏமாறாமல்.

இந்த அளவுகோலை நம் ஊர் வழக்கு ஒன்றில் வைத்துப் பார்த்தபோது நான் தடுமாறினேன். 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த பத்திரிகையாளர் சி. என். லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் 1945இல் ஆயுள் தண்டனை பெற்று, வழக்கு அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947 ஏப்ரலில் விடுதலையானார்கள். கொலை செய்தவர் யார் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. வழக்கறிஞரும் சினிமா வரலாற்றாளருமான ராண்டார் கை இதைப் பலமுறை எழுதி, நீதிமன்றத்தின் நடைமுறையை நமக்குப் புரியவைத்தார். ஆனால் தமிழில் இந்தக் கதை எங்கே பேசப்பட்டாலும் அது பாகவதரின் வீழ்ச்சியாகவே முடிகிறது. குத்தப்பட்டவர் அதில் ஒரு காரணம் மட்டுமே.

லட்சுமிகாந்தன் நல்லவர் அல்லர். மோசடி வழக்கில் தண்டனை பெற்று அந்தமான் போனவர். நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தை ‘சினிமா தூது’விலும் பிறகு ‘ஹிந்து நேசன்’ இதழிலும் விற்றவர். எட்டோஸுக்காக இளகும் மனம் இவருக்காக இளக மறுக்கிறது. மூன்றாம் வகை வரலாற்றாசிரியர் ஒருவர் இந்த வழக்கைத் தமிழில் பேச வர வேண்டும் என்று நான் விரும்புவது இதனால்தான். எளிதில் இரங்கத்தக்க ஒருவருக்காக மட்டும் அந்த முறை பயன்படுமானால் அதுவும் அரைகுறையே. அந்த உரையாடலில் கேள்வி கேட்க எனக்கு இடம் கிடைத்தால் கொலையாளியைப் பற்றிக் கேட்க மாட்டேன். அந்த இதழ்களைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் யார், எந்தத் தெருக்களில் அவை விற்றன, வீட்டுக்குக் கொண்டுபோய் யார் கண்ணில் படாமல் வைத்துப் படித்தார்கள் என்று கேட்பேன்.