இடதா, வலதா, நடுவா: வளைந்த வயலை அளந்த கதை

பிசான அறுப்பு முடிந்த கையோடு, சேரன்மகாதேவிப் பக்கம் என் மச்சினன் வயலை அளக்கப் போனேன். மூன்று பக்கம் நேர் வரப்பு. நாலாவது பக்கம் கன்னடியன் கால்வாயோடு வளைந்து போகிறது. "அத்தான், பிளஸ் டூ பிள்ளையளுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்கீயள்லா, இது எத்தன சென்ட் தேறும்னு சொல்லுங்க" என்றான்.

கால்வாய்க்கு எதிர்ப்புற நேர் வரப்பு 40 மீட்டர். பத்துப் பத்தாக நாலு பட்டை போட்டு, ஒவ்வொன்றையும் செவ்வகமாகப் பாவிக்கலாம். அகலத்தைப் பட்டையின் எந்த இடத்தில் அளப்பது என்பதில்தான் வழக்கே. 0, 10, 20, 30, 40 மீட்டரில் அகலம் 6, 13, 17, 19, 20.

ஒவ்வொரு பட்டைக்கும் அதன் இடது முனை அகலத்தை எடுப்பது இடது முனை விதி; அதன்படி 550 சதுர மீட்டர். வலது முனைப்படி 690. வயல் அகன்றுகொண்டே போவதால் இடது குறைத்துத்தான் சொல்லும், வலது கூட்டித்தான் சொல்லும். இடைவெளி 140, அதாவது மூன்றரை சென்ட். விற்கிறவனுக்கு வலது பிடிக்கும், வாங்குகிறவனுக்கு இடது. உண்மை இரண்டுக்கும் நடுவே என்று தெரிவது ஒன்றுதான் லாபம்.

நான் நடுப்புள்ளிக் கட்சி. 5, 15, 25, 35 மீட்டரில் நாடா பிடித்தேன்: 10, 15.2, 18.1, 19.6. மொத்தம் 629. பட்டையின் முன்பாதியில் செவ்வகம் வெளியே துருத்துவதும் பின்பாதியில் உள்ளே குறைவதும் ஏறக்குறைய ஈடாகிவிடும்.

சரிவக விதி என்பது இடது, வலதின் சராசரி: 620. கரை வெளியே புடைத்திருப்பதால் அது குறைத்துச் சொல்கிறது, நடுப்புள்ளி சற்றுக் கூட்டிச் சொல்கிறது. சீரான வளைவில் நடுப்புள்ளியின் பிழை சரிவகத்தின் பிழையில் ஏறக்குறைய பாதிதான். அதனால் நடுப்புள்ளிக்கு இரண்டு பங்கு, சரிவகத்துக்கு ஒரு பங்கு கொடுத்தால் 626. சிம்ப்சன் விதி இதுவே. பதினைந்தரை சென்ட் என்று மச்சினனிடம் சொன்னேன்.

எனக்கு முடிவைச் சொன்னது நாடாதான். 626-ஐ உண்மையென்று கொண்டால் நடுப்புள்ளியின் பிழை 3, இடதின் பிழை 76. இரண்டுக்கும் நாடா இழுத்தது நாலே தடவை. பட்டையைப் பாதியாக்கினால் இடதின் பிழை பாதியாகும், நடுப்புள்ளியின் பிழை கால்வாசியாகும். இடதை வைத்தே 3-க்கு இறங்க வேண்டுமானால் சுமார் நூறு தடவை இழுக்க வேண்டும். பங்குனி வெயிலில் யார் நிற்பது?

ஒரு குறையும் உண்டு. ஐந்து மீட்டர் பட்டைக்கு மாறினால் சரிவகத்துக்குப் பழைய அளவுகள் அப்படியே உதவும். நடுப்புள்ளிக்கு எட்டையும் புதிதாக எடுக்க வேண்டும். கரை அரித்துப் பல்லுப் பல்லாக நிற்கும் ஆற்றோர வயலில் நான் இதைச் செய்து பார்த்ததில்லை. அங்கே பத்து மீட்டர் பட்டை எந்த விதிக்குமே அகலம் கூடுதல் என்றுதான் தோன்றுகிறது.