வாஷிங்டன் ஹவுஸ் ஆஃப் தி டெம்பிள்: வக்கீலைத் தேடிப் போனேன்

வர்ஜீனியாவில் மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. வெள்ளை மாளிகை, லிங்கன் நினைவிடம் எல்லாம் முடிந்து, அடுத்து இவரை எங்கே கூட்டிப் போவது என்று மாப்பிள்ளை விழித்துக்கொண்டிருந்தபோது நானே கேட்டுப் போன இடம் இது. கோர்ட்டிலேயே காலம் தள்ளிய ஆள் நான், ஒரு வக்கீலைக் கட்டடத்துக்குள்ளேயே அடக்கம் செய்து வைத்திருக்கிறார்கள் என்றால் பார்க்காமல் எப்படி ஊர் திரும்புவது?

16ஆவது தெருவில் இருக்கிறது. காரில் போகாதீர்கள், நிறுத்த இடம் தேடியே அரை மணி நேரம் சுற்றினோம். டுபாண்ட் சர்க்கிள் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம்.

ஃப்ரீமேசன்கள் என்பது ரகசியச் சடங்குகளும் படிப்படியான பட்டங்களும் கொண்ட ஒரு பழைய சகோதரச் சங்கம், சுருக்கமாக மேசன்கள். அதில் ஸ்காட்டிஷ் ரைட் என்றொரு பிரிவு, அதன் தெற்கு வட்டாரத் தலைமையகம் இது. ஜான் ரஸ்ஸல் போப் வரைந்து 1915இல் திறந்த கட்டடம். அவர்களுடைய உச்சப் பட்டம் 33ஆவது என்பதால் வெளியே 33 தூண், ஒவ்வொன்றும் 33 அடி. வாசலில் சிங்க உடலும் மனிதத் தலையுமாக இரண்டு ஸ்பிங்ஸ் சிலைகள், ஒன்று கண்ணைப் பாதி மூடியிருக்கிறது, அது ஞானமாம்; கண்ணைத் திறந்திருப்பது ஆற்றலாம். படிக்கட்டும் 3, 5, 7, 9 என்று கணக்காகத்தான் ஏறுகிறது. முழங்கால் வலிக்காரர்கள் நின்று நின்று ஏறுங்கள்.

சரி, ஆளுக்கு வருவோம். ஆல்பர்ட் பைக், 1809இல் பாஸ்டனில் பிறந்தவர். ஹார்வர்டில் இடம் கிடைத்தும் பணம் கட்ட வழியில்லை. மேற்கே போய், அர்கான்சாவில் பத்திரிகை நடத்திக்கொண்டே தானாகச் சட்டம் படித்து வக்கீலானார், அந்த மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்த முதல் ஆளும் அவர்தான். சாக்டா பழங்குடியினரை அவர்களுடைய நிலத்தைவிட்டுத் துரத்தியதற்கான பண வழக்கில் அவர்களுக்காக வாதாடினார். 1859இல் அமெரிக்க செனட் ஏறக்குறைய 30 லட்சம் டாலர் என்று தீர்மானித்தது, ஆனால் உள்நாட்டுப் போர் குறுக்கே வந்து, உச்ச நீதிமன்றம் சாக்டாக்களுக்குச் சாதகமாகச் சொல்லும்போது 1886 ஆகிவிட்டது. நம்மூர் சிவில் வழக்கெல்லாம் எவ்வளவோ தேவலை.

அதே 1859இல்தான் ஸ்காட்டிஷ் ரைட்டின் தலைமைப் பதவிக்கு வந்தார். மேசன் ஆகி ஒன்பது வருடம்தான் ஆகியிருந்தது! 1891இல் சாகும்வரை, 32 வருடம், அந்த நாற்காலியை விடவில்லை. பட்டமளிப்புச் சடங்குகளை எல்லாம் உட்கார்ந்து திருத்தி எழுதினார். 1871இல் வந்த அவருடைய 'மாரல்ஸ் அண்ட் டாக்மா' புத்தகம் 800 பக்கத்துக்கு மேல். பாதி என்னுடையது, பாதி மற்றவர்களிடமிருந்து எடுத்தது என்று முன்னுரையில் அவரே ஒப்புக்கொள்கிறார், ஆனால் எது யாருடையது என்று பிரித்துச் சொல்வதில்லை. எந்த ஜட்ஜ் முன்னாலும் இப்படி ஒரு மனுவைப் போட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ரிக் வேத தெய்வங்களைப் பற்றியும் கட்டுக்கட்டாக எழுதினார், அது அச்சேறியது அவர் இறந்து பல காலம் கழித்து.

என் குறை இதுதான்: இந்த இடம் கொண்டாடுவது மேசனைத்தான், வக்கீலை அல்ல. அவர்கள் கட்டிய கோயில், அப்படித்தான் இருக்கும் என்பதும் புரிகிறது. ஆனால் பைக் போரில் அடிமைமுறையைக் காக்க நின்ற தெற்கத்திய அணியின் ஜெனரல். எந்தப் பழங்குடிகளுக்கு வக்கீலாக இருந்தாரோ அவர்களிடமே 1861இல் போய், தெற்கின் பக்கம் சேர ஒப்பந்தம் போட்டவர். கட்சிக்காரர் நம்பிக்கையை இதற்கா பயன்படுத்துவது? அதனால்தான் ஜூடிஷியரி ஸ்கொயர் பக்கம் இருந்த அவர் சிலையை 2020 ஜூனில் கூட்டம் கயிறு கட்டி இழுத்துத் தள்ளியது. 2025 அக்டோபரில் மறுபடி நிறுத்தினார்கள். இரண்டு இடத்தையும் ஒரே நாளில் பாருங்கள், அப்போதுதான் ஆள் முழுசாகப் புரிவார்.

ஐந்துக்கு நான்கு. நூலகத்தை விட்டுவிடாதீர்கள், ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பற்றிய பெரிய சேகரிப்பு இருக்கிறது. மேலே சடங்கு மண்டபத்தில் மாப்பிள்ளைகூட ஐந்து நிமிடம் ஃபோனை எடுக்கவில்லை.

அப்புறம், அந்தக் கல்லறை. என்னை எரித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாராம் பைக். யாரும் கேட்கவில்லை. ஓக் ஹில் இடுகாட்டில் புதைத்தார்கள், 1944இல் தோண்டி எடுத்து இங்கே சுவருக்குள் வைத்துவிட்டார்கள். உயில் எழுதிக் கொடுத்தே பிழைத்தவன் நான், அந்த இடத்தில் கொஞ்ச நேரம் கூடுதலாகவே நின்றேன்.