காஸ்மோஸ் (1980): திரும்பத் திரும்பப் பார்க்கத் தாங்கும் பகுதிகள்

வானியலாளர் கார்ல் சேகனின் ‘காஸ்மோஸ்’ அறிவியல் தொலைக்காட்சித் தொடரில் 13 பகுதிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். முதல் முறை பார்க்கும்போது வாங்கெலிஸ் இசையும் சேகனின் குரலும் சேர்ந்து எல்லாப் பகுதியையும் நல்ல பகுதியாக்கிவிடும். பலமுறை பார்த்த பிறகுதான் வித்தியாசம் தெரியும். முடிவை மட்டும் அறிவித்துவிட்டு நகரும் இடங்கள் சாயம் போய்விட்டன. அந்த முடிவுக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று காட்டும் இடங்கள் இன்றும் பளிச்சென்று நிற்கின்றன.

அந்தக் கணக்கில் முதலிடம் 6ஆம் பகுதிக்கு. 17ஆம் நூற்றாண்டு ஹாலந்தின் கப்பல் பயணங்களையும் வாயேஜர் விண்கலங்களையும் ஒரே சரட்டில் கோர்க்கிறார்கள். நடுவில் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ்: தானே தேய்த்த வில்லைகளோடு 1655இல் சனியின் நிலவான டைட்டனைக் கண்டவர். வாயேஜர் 1 வியாழனை நெருங்கியது 1979 மார்ச் 5. வியாழனின் ‘ஐயோ’ நிலவில் எரிமலை வெடிப்பதைக் கண்டுபிடித்தது அதற்குச் சில நாள் கழித்து, சுமார் 45 லட்சம் கி.மீ. தொலைவிலிருந்து, கலத்தின் பாதையைச் சரிபார்க்க எடுத்த ஒரு வழிசெலுத்தல் படத்தில். பின்னணி நட்சத்திரங்கள் தெரிய வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே கூடுதல் ஒளியேற்றிய படம் அது. அதனால்தான் விளிம்பில் மங்கலாக நின்ற எரிமலைப் புகைக்குடை பொறியாளர் லிண்டா மொராபிட்டோவின் கண்ணில் பட்டது. அழகாக எடுத்த படமாக இருந்திருந்தால் அது காணாமலே போயிருக்கும். இந்தப் பகுதியின் சனிக்கோள் காட்சிகளைப் பார்க்கும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: ஒளிபரப்பானது 1980 நவம்பர் 2, வாயேஜர் 1 சனியை நெருங்கியது நவம்பர் 12. வாயேஜரின் சனிப் படங்களை இங்கே எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்து 5ஆம் பகுதி, செவ்வாய். வானியலாளர் பெர்சிவல் லோவெல் அங்கே கண்டதாக நம்பிய, உண்மையில் இல்லாத கால்வாய்களில் தொடங்கி 1976இல் தரையிறங்கிய வைக்கிங் கலங்கள் வரை. கண்ணையும் ஆசையையும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு லோவெல் ஒரு பாடம். வைக்கிங் அதைவிடக் கடினமான பாடம். கதிரியக்கக் கார்பன் கலந்த ஊட்டக் கரைசலை மண்ணில் விட்டார்கள், வாயு வந்தது. மண்ணைச் சூடாக்கிவிட்டுச் செய்தால் வரவில்லை. உயிர் இருந்தால் நடக்க வேண்டியதும் இதுதான். ஆனால் மண்ணில் கரிமச் சேர்மங்களைத் தேடிய இன்னொரு கருவி கையை விரித்தது. தொடர் இந்த முடிச்சை அவிழ்க்காமலே விடுகிறது, நேர்மையான முடிவு. 2008இல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் என்ற உப்பைக் கண்டபின் ஒரு விளக்கம் வந்தது: மண்ணைச் சூடாக்கிச் சோதித்தபோது பெர்குளோரேட்டே கரிமத்தைச் சிதைத்திருக்கலாம். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தக் காட்சிகளின் சுவை கூடுகிறது. செவ்வாயில் உயிர் தேடும் கருவி ஒன்றை உருவாக்கிய நுண்ணுயிரியலாளர் வுல்ஃப் விஷ்னியாக் பற்றிய சில நிமிடங்களையும் தாண்டிவிடாதீர்கள். அவருடைய கருவி வைக்கிங்கிலிருந்து கழற்றப்பட்டது. அவர் 1973இல் அண்டார்டிகாவில் மண்ணில் நுண்ணுயிர் தேடப் போன இடத்தில் இறந்தார்.

முதல் பகுதியில் சேகன் பயணிக்கும் கற்பனை விண்கப்பலின் காட்சிகள் இழுவைதான், சகித்துக்கொள்ள வேண்டும். பலன், பண்டைய கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் பூமியின் சுற்றளவை அளந்த கதை. எகிப்தின் சையீன் ஊரில் நண்பகலில் குச்சிக்கு நிழல் இல்லை, அலெக்சாண்டிரியாவில் நிழலின் கோணம் சுமார் 7 டிகிரி. இடைத்தூரம் 800 கி.மீ. 7 டிகிரி என்பது முழு வட்டத்தில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு, எனவே சுற்றளவு 40,000 கி.மீ. சேகன் அட்டையை வளைத்துக் காட்டுவது அருமை. ஆனால் சூரியன் வெகு தொலைவில் இருக்கிறது என்ற அனுமானத்தின் மேல்தான் இந்த வாதம் நிற்கிறது. தட்டையான பூமிக்கு மேல் 6,500 கி.மீ. உயரத்தில் சூரியன் இருந்தாலும் இரண்டு குச்சிகளும் இதே நிழலைத்தான் தரும். மூன்றாவதாக ஒரு குச்சி நட்டால் சந்தேகம் தீரும். பிள்ளைகளுக்குக் காட்டுபவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லலாம். இதே பகுதியின் பிரபஞ்ச நாட்காட்டி 1,500 கோடி ஆண்டுகளை ஓராண்டாகச் சுருக்குகிறது. ஒரு நொடிக்குச் சுமார் 475 ஆண்டுகள். இன்றைய மதிப்பான 1,380 கோடியை வைத்தால் சுமார் 437.

10ஆம் பகுதியில் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலும் பொங்கலும் சோழர் கால நடராசரும் வரும்போது நமக்கு ஒரு துள்ளல் வருவது இயல்பு. அறிவியல்தான் பழசாகிவிட்டது: பிரபஞ்சம் ஒருநாள் திரும்பச் சுருங்குமா என்று கேட்கிறது தொடர். விரிவு வேகமெடுத்து வருகிறது என்று 1998இல் வெடிமீன்கள் (வெடித்துச் சிதறும் நட்சத்திரங்கள்) சொல்லிவிட்டன.

4ஆம் பகுதியில் வெள்ளிக்கோளின் பசுமை இல்ல விளைவு பற்றியவை இன்றும் உறுதி. 1178இல் கான்டர்பரித் துறவிகள் நிலவில் கண்டது ஜியோர்டானோ புரூனோ பள்ளம் உண்டான மோதலாக இருக்கலாம் என்ற பேச்சுதான் இன்று எடுபடவில்லை. அப்படி நடந்திருந்தால் பூமியில் நாள்கணக்கில் எரிகல் மழை கொட்டியிருக்கும். அப்படியொரு பதிவு எங்கும் இல்லை. 13ஆம் பகுதியில் பண்டைய அலெக்சாண்டிரியாவின் கணித அறிஞர் ஹைபேஷியாவின் கொலையையும் அலெக்சாண்டிரியா நூலகத்தின் அழிவையும் ஒன்றாகப் பிணைத்தது வரலாற்றாசிரியர்களிடம் நிற்காது. அதே பகுதியில் பிரெஞ்சுக் கடலோடி லா பெரூஸின் கப்பல்களும் அலாஸ்காவின் பழங்குடிகளான டிலிங்கிட் மக்களும் சந்தித்த கதை மட்டும் தனியாகவே பார்க்கத் தகுந்தது.

வாங்கும்போதும் தேடும்போதும் சில பகுதிகளின் இறுதியில் சேகன் பத்தாண்டு கழித்துப் பேசிச் சேர்த்த துணுக்குகள் உள்ள பதிப்பாகப் பாருங்கள். படம் 4:3 விகிதம். அகலத்திரைக்கு இழுத்தால் கோள்கள் எல்லாம் முட்டையாகிவிடும்.